கன்னப்பொட்டு இல்லாத காலண்டர்

எனக்கு 'வேண்டாம்' என்று எழுத வராது. வாயால் சொல்லவும் வராதுதான். ஆனால் நேரில் என்றால் என் முகம் சுண்டிப்போவதைப் பார்த்து எதிரில் இருப்பவர் புரிந்துகொள்வார். கடிதத்தில் அந்த வசதி இல்லை. இந்த ஒரு குறையால், என் பெண் மீனா ஒரு வயதுக் குழந்தையாக இருக்கும்போதே, காவலூரிலிருந்து வாணியம்பாடி வரைக்கும் சுவருக்குச் சுவர் தாடியோடு தொங்க நேர்ந்தது.

அப்போது நாங்கள் ஜவ்வாது மலையில், காவலூரில் குடியிருந்தோம். என் கணவருக்கு அங்கே பள்ளிக்கூட வாத்தியார் வேலை. நான் ஓவியப் பரீட்சையில் இரண்டு நிலை தேறியவள். (மூன்றாவதற்குள் கல்யாணம் வந்துவிட்டது.) அடுப்புக்கும் தொட்டிலுக்கும் நடுவே கிடைக்கும் அரைமணியில் படம் போடுவேன். "எந்த ஸ்தாபனத்தையும் சேராத சுதந்திர ஓவியர்" என்று வீட்டுக்கு வருகிறவர்களிடம் அவர் என்னைப் பற்றிச் சொல்வார். அது கேலியா பெருமையா என்று நான் இரண்டு நாள் யோசிப்பேன்.

மீனா உட்கார ஆரம்பித்ததும் அவளை வரைந்தேன். கன்னத்துக்கு வந்தபோது வர்ணப் பெட்டியில் சிவப்பு தீர்ந்திருந்தது. மலையில் சிவப்புக்கு எங்கே போவது? ஆரத்திக்குக் கரைப்பதுபோல மஞ்சளில் சுண்ணாம்பைக் குழைத்துத் தடவினேன். அடடா, என்ன சிவப்பு! தினமும் குழந்தைக்கு வைக்கும் கன்னத்து மைப்பொட்டை மட்டும் படத்தில் விட்டுவிட்டேன். பொட்டு வைத்தால் முகத்தின் அழகு கெடுகிறதாம். (கலைஞர் அல்லவா!)

படங்களுக்கும் வயதாகும் என்பதை அந்தப் பரீட்சைகளில் யாரும் சொல்லித் தரவில்லை. சுண்ணாம்பு காற்றுப்பட்டு வீரியம் இழக்க இழக்க, மூன்றே மாதத்தில் கன்னச் சிவப்பு பழையபடி மஞ்சளாகத் திரும்பியது. ஓரங்களைப் பூச்சி அரித்தது. மழைக்காலத்தில் முழங்காலில் பூஞ்சை பூத்தது. மனிதர்களுக்கு வயதானால் தலை நரைக்கும். என் படத்துக்குக் காமாலையே வந்துவிட்டது.

அந்தச் சமயத்தில்தான் காதர் பாய் வந்தார். வாணியம்பாடியில் கடுக்காய் மண்டி வைத்திருந்தார். மலையில் கடுக்காய் வாங்கித் தோல் பதனிடும் ஷாப்புகளுக்குக் கொடுப்பவர். மலைக்கு வந்தால் எங்கள் வீட்டில் மோர் குடிக்காமல் இறங்கமாட்டார்.

"இன்னாம்மா, தங்கமான படத்தை இப்படிப் பூச்சிக்குக் குடுத்துட்டீங்க? எங்கிட்ட குடுங்க, கண்ணாடி போட்டுத் தர்றேன்" என்றார். கொடுத்தேன். பத்தாம் நாள் படம் வரவில்லை, கடிதம் வந்தது. படத்தைப் பார்த்தவர்கள் எல்லாம் மெச்சுகிறார்களாம். புது வருஷக் காலண்டரில் போட்டுக்கொள்ள என் அனுமதி வேண்டுமாம்.

குழந்தையின் முகம் கண்டவர் சுவரிலும் தொங்கினால் எத்தனை கண் படும்! மறுக்க உட்கார்ந்தேன். ஆறு தடவை எழுதிக் கிழித்து ஏழாவதைத் தபாலில் சேர்த்தேன். அது இதுதான்:

'எளியவள் வரைந்த படத்தைத் தாங்கள் பொருட்படுத்தியதே எங்கள் பாக்கியம். குழந்தையின் படம் என்பதால் சற்றே யோசனையாக இருக்கிறது. எனினும் தங்கள் மனம் நோக எதுவும் சொல்ல எனக்கு மனமில்லை. தாங்கள் பெரியவர். எது நல்லதென்று தங்களுக்குத் தோன்றுகிறதோ அதையே செய்யவும்.'

'சற்றே யோசனையாக இருக்கிறது' என்ற வரியை எழுதியபோது, இவ்வளவு கடுமை தேவையா என்று நான் கலங்கியது உண்மை.

தை பிறக்கும் முன்பே காலண்டர் மலையேறிவிட்டது. முதலில் கொண்டுவந்து காட்டியவள் பக்கத்து வீட்டுச் சின்னப்பொண்ணு. கையில் ஒரு கட்டு கீழாநெல்லி வேறு.

"வாத்தியாரம்மா, கொயந்தைக்குக் காமாலையா? சொல்லவே இல்லியே. மூஞ்சி மஞ்சமஞ்சேள்னு கீது பாரு."

"அது சாயம் போனது, சின்னப்பொண்ணு."

"அது சரி, கன்னத்துல பொட்டு எங்க? பெத்தவளே பொட்டு வெக்காம ஊர் பூரா அனுப்பி வெச்சிக்கிறியே!"

அன்று மாலையே மீனாவுக்கு உடம்பு சுட்டது.

அந்த இரண்டு நாள் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். குழந்தை சிணுங்கும்போதெல்லாம் சின்னப்பொண்ணு சுவரில் மாட்டிவிட்டுப் போன மஞ்சள் குழந்தையைப் பார்ப்பேன். படித்தவள் இப்படி நம்பலாமா என்று ஒரு பக்கம். நம்பாமல் இருந்து ஏதாவது ஆகிவிட்டால் என்று மறுபக்கம். மூன்றாம் நாள், டாக்டரிடம் காட்டப் போகிறேன் என்று கணவரிடம் சொல்லிவிட்டு, குழந்தையையும் மை டப்பாவையும் எடுத்துக்கொண்டு மூங்கில் லாரியில் ஏறினேன். ஆலங்காயத்தில் இறங்கி, பஸ் பிடித்து வாணியம்பாடி. டாக்டர் ஈறைத் தடவிப் பார்த்தார். "பல் முளைக்குதும்மா, வேற ஒண்ணுமில்ல" என்றார். அத்தோடு ஊர் திரும்பியிருக்கலாம். பல் முளைக்கும் நேரம் பார்த்தா கண் படவேண்டும் என்று எனக்குப் பட்டது. நேரே மண்டிக்குப் போனேன்.

வெள்ளிக்கிழமை. பாய் தொழுகைக்குப் போயிருந்தார். கடுக்காய் பொறுக்கிக்கொண்டிருந்த நாலைந்து பெண்கள் என்னை உட்காரச் சொன்னார்கள். உட்கார்ந்த இடத்துக்குப் பக்கத்திலேயே காலண்டர்கள், இடுப்புயரம். குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு, மை டப்பாவைத் திறந்து, மேலே இருந்த காலண்டரின் கன்னத்தில் ஒரு பொட்டு வைத்தேன். அடுத்தது. அதற்கடுத்தது. முப்பது வைத்தபிறகு, வலது கன்னமா இடது கன்னமா என்று சந்தேகம் வந்தது. வைத்ததையெல்லாம் திரும்ப எடுத்து மறு கன்னத்திலும் வைத்தேன்.

"இன்னாம்மா பண்றே?" என்றாள் ஒருத்தி.

சொன்னேன். அவர்கள் சிரிப்பார்கள் என்று நினைத்தேன். அவளோ முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, "ஒண்டியா எம்மா நேரம் வெப்பே? இந்தா, எனக்குங் கொஞ்சம் மை குடு" என்று உட்கார்ந்துவிட்டாள். பின்னாலேயே மற்றவர்களும் வந்தார்கள். அவர்கள் வைத்தது பொட்டு இல்லை, கடுக்காய் அளவு.

பாய் வந்தபோது மண்டியில் ஒருவரும் கடுக்காய் பொறுக்கவில்லை.

"அரே! இன்னா இது?"

நான் எழுந்து நின்றேன். வழியெல்லாம் ஒத்திகை பார்த்த கோபத்தில், "நான்தான் வேண்டாம்னு எழுதியிருந்தேனுங்களே" என்பது மட்டும் வந்தது.

பாய் உள்ளே போய்க் கடிதத்தைக் கொண்டுவந்து, எல்லோர் முன்னாலும் நிறுத்தி நிதானமாகப் படித்தார். அவர் குரலில் கேட்கையில் அது எனக்கே வாழ்த்து மடல் போல இருந்தது. படித்து முடித்ததும் பெண்களில் ஒருத்தி சொன்னாள்:

"வேணாம்னு எழுதினதா இது? எங்க வூட்டுக் கல்யாணத்துக்கே இம்மாம் மரியாதையா யாரும் கூப்டல, தாயி!"

பாய்க்குச் சிரிப்பு வரவில்லை. அவர் முகம் வாடிவிட்டது. "எங்க வூட்லயும் கொயந்தைங்க கீதும்மா. நாங்களும்தான் நஸர் படக்கூடாதுன்னு மை வெக்கிறோம். ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அச்சுலயே பொட்டு வெச்சிருப்பேனே. இப்பவும் ஒண்ணும் கெட்டுப்போகல. மிச்சம் இருக்கறத இந்த நிமிசமே கொளுத்திடவா? சொல்லுங்க."

சொல்லவேண்டியது ஒரே வார்த்தை. காலண்டர்களைப் பார்த்தேன். மஞ்சள் கன்னமும் பூஞ்சை முழங்காலுமாக, அச்சில் ஏறிய என் முதல் படம். மூலையில் பொடி எழுத்தில் என் பெயரைக்கூடப் போட்டிருந்தார் அந்த மனிதர். ஆறு தடவை கிழித்ததற்கு உண்மைக் காரணம் அப்போதுதான் எனக்குப் புரிந்தது. மறுக்கத் தெரியாதது பாதி என்றால், மறுக்க மனமில்லாதது மீதி. தலையைக் குனிந்துகொண்டு சொன்னேன்:

"தாங்கள் பெரியவர். எது நல்லதென்று தோன்றுகிறதோ..."

மண்டியே அதிரச் சிரித்தார்கள். மீனாகூட முளைக்காத பல்லைக் காட்டினாள். இந்தத் தடவை பாயும் சிரித்துவிட்டார். கண்ணாடி போட்ட என் படத்தையும் ஒரு பை கல்கண்டையும் கொடுத்து, பஸ் ஏற்றிவிட்டார்.

கதை அதோடு முடியவில்லை. பொட்டு வைத்த காலண்டர்களைப் பாய் காவலூர் வரைக்கும் வீட்டுக்கு வீடு கொடுத்தனுப்பினார். வீட்டு மை விளக்கெண்ணெயில் குழைத்தது. காகிதத்தில் எண்ணெய் பரவும் என்பது ஓவியருக்குத் தெரிந்திருக்க வேண்டும். மாசி மாதம் பொட்டு கன்னத்தை நிறைத்தது. பங்குனியில் தாடைக்கு இறங்கியது. சித்திரையில் சின்னப்பொண்ணு வாசலில் நின்றே கூவினாள்: "வாத்தியாரம்மா! உங்க பொண்ணுக்குத் தாடி மொளச்சிக்கிச்சி!" கண்ணேறு மட்டும் படவேயில்லை. அந்த முகத்தைப் பார்த்து யார் கண் வைப்பார்கள்?

மீனாவுக்கு இப்போது பத்து வயது. வீட்டில் அவளுக்குத் தாடிக்காரி என்றுதான் பெயர். போன வாரம் ஒரு பத்திரிகையிலிருந்து கடிதம் வந்தது. என் பழைய படம் ஒன்றை அட்டையில் போட அனுமதி கேட்டிருந்தார்கள். இம்முறை ஏமாறுவதில்லை என்று உறுதியாக உட்கார்ந்து, 'இயலாது' என்று ஒரே வார்த்தை எழுதினேன். பார்க்க மொட்டையாக இருந்தது. முன்னால் ஒரு வரி சேர்த்தேன். பின்னால், அவர்கள் மனம் நோகாமல் இருக்க, இரண்டு வரி. முடித்தபோது ஒன்றரைப் பக்கம் வந்திருந்தது. திடமாக எழுதியிருக்கிறேனா என்று பார்க்க மீனாவிடம் நீட்டினேன்.

அவள் கடைசி வரி வரைக்கும் பொறுமையாகப் படித்து, மடித்து என் கையில் கொடுத்தாள்.

"நல்லா இருக்கும்மா. எந்த மாசம் அட்டையில வருது?"