சோறு வேகாத வீட்டின் கைப்பிடி அரிசி

ஐசால்,
புதன்கிழமை.

மதிப்புக்குரிய மச்சான், சம்ஃபாய் சபை மூப்பர் கப்சிங்கா அவர்களுக்கு,

கர்த்தருடைய கிருபையினாலும் டாக்டர் எழுதிக்கொடுத்த மாத்திரையினாலும் நானும் உங்கள் தங்கை சைரெமியும் உயிரோடு இருக்கிறோம். இதில் கிருபை எவ்வளவு, மாத்திரை எவ்வளவு என்பதில் எங்கள் வீட்டில் கருத்து வேறுபாடு உண்டு. அங்கே நீங்களும் அக்காவும் சுகமாயிருக்கவும், உங்கள் வயலில் இந்த முறை எலி இறங்காதிருக்கவும் காலை ஜெபத்தில் தவறாமல் கேட்டுக்கொள்கிறோம்.

இதைப் போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் எதைச் சொன்னாலும் நீங்கள் "ஜெபிப்போம்" என்று சொல்லி வைத்துவிடுகிறீர்கள். இது ஜெபித்துத் தீருகிற விஷயமில்லை. சொல்லப்போனால் ஜெபித்து வந்த விஷயம். ஆகவே, ஆயுள் முழுக்கப் பத்திரிகைக்குச் செய்தி எழுதிய பழக்கத்தில், நடந்ததை நடந்தபடி, கூட்டாமல் குறைக்காமல் எழுதுகிறேன். படித்துவிட்டு மூப்பராகவும் அண்ணனாகவும் உங்கள் தங்கையைக் கண்டித்து ஒரு கடிதம் போட வேண்டும். அவள் கண்ணைக் காப்பாற்ற எனக்கு வேறு வழி தெரியவில்லை.

விஷயம் கைப்பிடி அரிசி. உலை வைக்கும்போதெல்லாம் போடப்போகிற அரிசியில் ஒரு பிடியைக் கர்த்தருக்கென்று தகர டப்பாவில் எடுத்து வைப்பதும், சனிக்கிழமை சபைப் பெண்கள் சங்கத்தார் சாக்கோடு வந்து அள்ளிப்போய்ச் சபை ஊழியத்துக்காக விற்பதும் நமக்கு மூச்சு விடுவது மாதிரி. யாரும் அதைப் பற்றிப் பேசுவதுகூட இல்லை. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து உங்கள் தங்கை ஒரு வேளைகூடத் தவறியதில்லை. எங்கள் மகள் மாவி பிறந்த அன்று வலி எடுத்த பிறகும் அடுப்படிக்குப் போய் ஒரு பிடி எடுத்துவிட்டுத்தான் ஜீப்பில் ஏறினாள். இதற்கெல்லாம் நான் சாட்சி. குறை சொல்லவில்லை.

மழைக்காலத்தில் அவள் மயங்கி விழுந்ததும், சர்க்கரை என்று தெரிந்ததும் உங்களுக்குத் தெரியும். டாக்டர் சின்னப் பெண், ஆனால் வாய் சின்னது இல்லை. "சோத்தை மறந்துடுங்கம்மா. இடது கண்ணுல ஏற்கெனவே திரை விழ ஆரம்பிச்சிருக்கு. இன்னொரு தடவை இப்படி ஏறிச்சுன்னா பார்வைக்கு நான் பொறுப்பு இல்ல" என்றாள். அப்போது கட்டிலைச் சுற்றிப் பெண்கள் சங்கத்தார் முழுப்பேரும் நின்றிருந்தார்கள். தலைவி சாங்குமி அம்மா கையில் சர்க்கரை நோயாளிக்கென்று கட்டிப்பால் டின். எல்லாரும் கண்ணீரோடு இருந்தார்கள். நான் எழுந்து நின்று, "இவ தொடாத சோறு இனிமே எங்க வீட்ல வேகாது. இது கர்த்தருக்கு முன்னாடி நான் பண்ற பொருத்தனை" என்றேன். பக்கத்து வார்டு வரைக்கும் "ஆமென்" கேட்டது. அடுத்த மாதச் சபை இதழில் "மனைவிக்காகச் சோற்றைத் துறந்த முதியவர்" என்று அது செய்தியாகவும் வந்தது. எழுதியது யார் என்பது இங்கே முக்கியமில்லை. செய்தியில் பிழை இல்லை.

அன்றிலிருந்து இந்த வீட்டில் ஓட்ஸ் கஞ்சிதான். காலையில் ஓட்ஸ், சாயங்காலம் கீரை வேகவைத்து அதற்கும் ஓட்ஸ். அதன் ருசியைப் பற்றி எழுத மாட்டேன். துறவு என்று ஆன பிறகு ருசி பேசக்கூடாது. ஆனால் முதல் சனிக்கிழமை சாக்கு வந்தபோதுதான் ஒரு விஷயம் உறைத்தது. சோறு வேகாத வீட்டில் கைப்பிடி ஏது? டப்பா காலி. சாங்குமி அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "பரவாயில்ல மாவி அம்மா, உடம்பு முக்கியம்" என்றார். "பரவாயில்ல" என்பதை எப்படிச் சொன்னால் பரவாயில்லாமல் போகுமோ அப்படிச் சொன்னார். உங்கள் தங்கை அடுப்படி மூலையில் திருடி மாதிரி நின்றாள். அவர்கள் போன பிறகு டப்பாவைக் கழுவினாள். காலி டப்பாவில் கழுவ என்ன இருக்கிறது?

எனக்குக் கோபம் வந்துவிட்டது. சாப்பிடுகிறதில்தானே ஒரு பிடி? நாங்கள் சாப்பிடுவது ஓட்ஸ். ஆகவே வேளைக்கு ஒரு பிடி ஓட்ஸை நானே டப்பாவில் போட்டு வந்தேன். சனிக்கிழமை வந்த பெண் கவனிக்காமல் சாக்கில் கொட்டிக்கொண்டு போய்விட்டாள். அந்தச் சாக்கு அரிசியை வழக்கம்போல ஒரு மாணவர் விடுதிக்காரர்கள் வாங்கி, அண்டாவில் போட்டு வேகவைத்திருக்கிறார்கள். அது சோறாகவும் வரவில்லை, கஞ்சியாகவும் வரவில்லை. கரண்டி நட்டால் நட்டபடி நின்றது என்று அந்தச் சமையல்காரர் நேரில் வந்து காட்டினார், கரண்டியோடு. மறுநாள் விடிந்ததும் பேட்டை ஒலிபெருக்கியில், குழாய்த் தண்ணீர் வருகிற நேரத்துக்கும் காணாமல்போன நாய்க்கும் நடுவில், "கைப்பிடி அரிசி டப்பாவில் அரிசி தவிர வேறு எதையும் போட வேண்டாம் என்று அன்போடு கேட்டுக்கொள்கிறோம்" என்று அறிவித்தார்கள். பெயர் சொல்லவில்லை. ஆனால் கீழ்வீட்டுத் துவாமா ஜன்னல் வழியாக, "ஓட்ஸ் பெரியவரே, நல்லா இருக்கீங்களா?" என்று கூப்பிட்டான். கவனியுங்கள் மச்சான், நான் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்கவும் மாட்டேன். விடுதிப் பிள்ளைகள் ஓட்ஸ் சாப்பிடக்கூடாது என்று எங்கே எழுதியிருக்கிறது?

சரி, சண்டை வேண்டாம் என்று கடையில் நல்ல அரிசியாக வாங்கி டப்பா நிறையக் கொட்டினேன். அதற்கு உங்கள் தங்கை சொன்னது: "இது காணிக்கை. கைப்பிடி இல்ல."

"அரிசி அரிசிதானே?"

"மாவி அப்பா, உலைக்குப் போறதுல எடுக்கணும். வயித்துக்குப் போறது குறையணும். கடையில வாங்கிக் கொட்டினா நமக்கு என்ன குறைஞ்சுது?"

"பர்ஸ் குறைஞ்சுது."

"பர்ஸுக்குப் பசிக்குமா?"

அரிசியைச் சபை வாசலில் இருக்கிற காணிக்கைக் கூடையில் கொண்டுபோய்ப் போட்டுவிட்டு வந்தேன். ஆனால் அடுத்த சனிக்கிழமை டப்பாவில் அரிசி இருந்தது. அதற்கடுத்த சனிக்கிழமையும் இருந்தது. நான் ஜெபத்துக்குப் பதில் வந்தது என்று நம்பினேன். பேட்டையில் அந்த மாதம் துக்க வீடுகள் அதிகம். நான் போய் உட்கார்ந்து பாட்டுப் பாடிவிட்டு வருவேன். அந்த நேரம் பார்த்து, மச்சான், உங்கள் தங்கை திருட்டுத்தனமாக உலை வைத்திருக்கிறாள். ஒரு பிடி எடுப்பதற்காக ஒரு பானைச் சோறு! சரி, வெந்த சோற்றை என்ன செய்வது? கொட்டினால் பாவம். எனக்குப் பொருத்தனை. ஆகவே அதையும் அவளே சாப்பிட்டிருக்கிறாள், ஜன்னலைச் சாத்திக்கொண்டு. கர்த்தருக்கு ஒரு பிடி, சர்க்கரைக்கு ஒரு தட்டு.

சர்க்கரை ஏறித்தான் விஷயம் வெளியே வந்தது. டாக்டர் ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு, "அம்மா, என்ன சாப்டீங்க? உண்மையச் சொல்லுங்க" என்றாள்.

"சாப்பிடல டாக்டர். காணிக்கை எடுத்ததுல மிஞ்சினது."

"எவ்ளோ மிஞ்சிச்சு?"

"பானை."

டாக்டர் என் பக்கம் திரும்பி, "வீட்ல நீங்க என்ன பண்றீங்க?" என்று கேட்டாள். நான் பொருத்தனையைப் பற்றிச் சொன்னேன். அவள் பேனாவை மூடிவிட்டு வெகுநேரம் என்னைப் பார்த்தாள். படித்த பெண்களுக்கு இப்போது விசுவாசம் குறைவு.

வீட்டுக்கு வந்து நான் ஒரு ஏற்பாடு செய்தேன். "நீ உலை வை, ஒரு பிடி எடு. வெந்த சோறு துவாமாவோட பன்னிக்கு" என்றேன். துவாமாவுக்குச் சந்தோஷம். பன்றிக்கும்தான். கிறிஸ்துமஸ் விருந்துக்கென்று வளர்க்கிற பன்றி, அதுவும் சபைக்குத்தானே போகிறது என்று எனக்கு மனத்திருப்தி. உங்கள் தங்கை ஒரே நாளில் நிறுத்திவிட்டாள். "இதுல குறைஞ்சது பன்னியோட வயிறு. அந்தப் பிடி பன்னி பேர்ல எழுதணும்" என்றாள். துவாமா மட்டும் இன்னமும் சாயங்காலமானால் வாளியோடு வந்து நின்றுவிட்டுப் போகிறான்.

போன சனிக்கிழமை சாங்குமி அம்மா வந்தபோது நான் வாசலிலேயே மறித்துக்கொண்டேன். அன்று நடந்ததை அப்படியே தருகிறேன்.

"இந்த வீட்டுல டப்பா கிடையாது. எடுத்தாச்சு" என்றேன்.

"யார் எடுத்தா? மாவி அம்மாவா?"

"நான். அவ ஒரு பிடி இல்லம்மா, மொத்தப் பானையையும் குடுத்துட்டா. ஆயுசுக்கும் சோறே வேணாம்னு விட்டவகிட்ட ஒரு பிடிக்கு வந்து நிக்கிறீங்களே!"

"மருந்துக்கு விட்டதைக் கர்த்தர் கணக்குல எழுதச் சொல்றீங்களா? அதை டாக்டர்கிட்ட வாங்கிக்குங்க."

"அப்ப இவ கண்ணு போனா சங்கம் குடுக்குமா?"

"நாங்களா சோறு திங்கச் சொன்னோம்? நாங்க டப்பாவை நீட்டக்கூட இல்லியே. பரவாயில்லன்னுதானே சொன்னோம்!"

"அந்தப் 'பரவாயில்ல'தான் அவளைக் கொல்லுது!"

"பெரியவரே, ஒண்ணு கேக்கட்டுமா? ஒங்க வீட்ல வியாதி ஒருத்தருக்கு. சோறு ரெண்டு பேருக்கும் ஏன் நின்னுச்சு?"

"அது எனக்கும் கர்த்தருக்கும் நடுவுல."

"நடுவுல மாவி அம்மா நிக்கிறாங்களே, பாத்தீங்களா?" என்று சொல்லிவிட்டுச் சாக்கை மடித்துக்கொண்டு படியேறிப் போய்விட்டார். அவர் எப்போதும் கடைசிப் பேச்சைத் தானே பேசிவிட்டுப் போகிற ரகம்.

ஆகவே மச்சான், என் நிலையைத் தெளிவாக எழுதிவிடுகிறேன். பொருத்தனையை முறிக்க மாட்டேன். இதழில் அச்சான விஷயம். சோறு இந்த வீட்டில் வேகாது. ஓட்ஸும் கர்த்தர் படைத்ததுதான் என்பதைச் சங்கம் ஏற்க வேண்டும். ஏற்காவிட்டால் மூப்பர்கள் கூட்டத்துக்கும், அங்கேயும் கேட்காவிட்டால் அதற்கு மேலேயும் எழுதுவேன். எனக்கு எழுதக் கை வலிக்காது. நீங்கள் தங்கைக்குப் பச்சையாக எழுதுங்கள்: கைப்பிடி போனால் போகட்டும், கண் போனால் வராது என்று. நான் சொன்னால் அவள் கேட்பதில்லை. நான் சொல்லும்போது, நான் ஒளித்த டப்பாவைத் தேடியெடுத்துத் துடைத்துக்கொண்டிருக்கிறாள்.

கர்த்தர் உங்கள் களஞ்சியத்தைக் காப்பாராக. அக்காவின் முழங்கால் வலியை நீக்குவாராக. பேரப்பிள்ளைகளுக்குப் படிப்பையும், சாங்குமி அம்மாவுக்கு மறதியையும் அருள்வாராக. மாவி ஷில்லாங்கிலிருந்து உங்கள் எல்லாரையும் கேட்டதாகச் சொல்லச் சொன்னாள்.

என்றும் உறுதியில் மாறாத,
உங்கள் மைத்துனன்
ரொகூமா.

பின்குறிப்பு: மேலே உள்ளதை முடித்துக் கவரில் போட்ட பிறகு, ஒட்டுவதற்கு ஒரு பருக்கை சோறு கேட்டேன். பழக்கதோஷம். "சோறா? இந்த வீட்லயா?" என்று கேட்டபடி உங்கள் தங்கை கவரை வாங்கிக்கொண்டாள். வலது கண்ணருகே பிடித்து முழுக்கப் படித்தாள். நடுவில் இரண்டு இடத்தில் சிரித்தாள். எந்த இடம் என்று சொல்ல மறுத்துவிட்டாள். பிறகு, "ஆஸ்பத்திரியில நான் ஒங்ககிட்ட சோறு திங்காதீங்கன்னு கேட்டேனா?" என்றாள். இல்லை என்றேன். "நீங்க ஒரு வாய் சாப்பிட்டிருந்தா எனக்கு ஒரு பிடி கெடச்சிருக்கும். நான் எதுக்கு ஜன்னலைச் சாத்தணும்?" என்றாள். பொருத்தனை என்று ஆரம்பித்தேன். "அதைக் கர்த்தர்கிட்ட நான் பேசிக்கறேன். எனக்கு அவரை ரொம்ப நாளாத் தெரியும்" என்று அடுப்பைப் பற்றவைத்துவிட்டாள்.

ஆகவே கண்டனக் கடிதம் வேண்டாம். மேலே உள்ள கோரிக்கைகளையெல்லாம் ரத்தாக எடுத்துக்கொள்ளுங்கள். சாங்குமி அம்மாவுக்கு மட்டும் இது எட்ட வேண்டாம்.

எனக்கு மட்டும் அளந்து அரிசி எடுத்தாள், அதில் ஒரு பிடியை டப்பாவில் போட்டாள், மீதியை உலையில் போட்டாள். அவளுக்கு ஓட்ஸ். மாதக்கணக்கில் காணாத சோறு. தட்டு சீக்கிரம் காலியாகிவிட்டது. இன்னும் கொஞ்சம் போடு என்றேன்.

"அவ்ளோதான். பானை காலி."

"பத்தலையே?"

"பத்தாது. ஒரு பிடி எடுத்தா ஒரு பிடி குறையும்."

"இத்தனை வருஷமா எடுக்குறியே. ஒரு நாளும் குறைஞ்சதில்லையே?"

"ஒங்க தட்டுல குறைஞ்சதில்ல" என்று சொல்லிவிட்டு ஓட்ஸ் கிண்ணத்தை எடுத்துக்கொண்டாள்.

பிறகு என் முகத்தைப் பார்த்துப் பாவப்பட்டு, "சாயங்காலம் ஒரு பிடி கூடப் போட்டு வடிக்கட்டுமா?" என்று கேட்டாள். வேண்டாம் என்றேன். மச்சான், பசிக்கிறது. ஆனால் இந்த ஒன்றில் நான் பின்வாங்குவதாக இல்லை.