எண்பத்தேழு மதிப்பெண் வாங்கிய கூரை

அன்புள்ள அக்காவுக்கு,

தங்கை எழுதுவது. நீயும் அத்தானும் உன் மகனும் சுகம்தானே? இங்கே நாங்களும் சுகம் என்று எழுதுவதுதான் முறை, எழுதிவிட்டேன். போனில் பேசினால் அழுதுவிடுவேன், அதனால்தான் கடிதம்.

என் சின்னவள் படிக்கும் இரண்டாம் வகுப்புக் கூரையில் விரிசல் இருப்பதும், அவள் பெஞ்சு சரியாக அதற்குக் கீழே இருப்பதும் உனக்குத் தெரியும். இந்த வருஷம் ஒரு வழி பிறந்தது. பள்ளிக் கட்டடங்களுக்கு மதிப்பெண் போட ஓர் இன்ஜினியர் வருகிறார், நாற்பதுக்குக் கீழே வாங்கினால் புதுக் கூரை, கழிப்பறை, மைதானத்துக்குச் சுற்றுச்சுவர் எல்லாம் கிடைக்கும் என்றார்கள். அதாவது பெயிலானால்தான் பரிசு. படித்தவள் என்று பெற்றோர் குழுவுக்கு என்னைச் செயலாளராக்கியிருந்தார்கள். நானும் எல்லாரிடமும் தெளிவாகச் சொன்னேன், "எதையும் தொடாதீங்க, இருக்கிறபடியே இருக்கட்டும்." எல்லாரும் தலையாட்டினார்கள். இன்ஜினியர் வருவதற்கு முதல் நாள் தலைமையாசிரியர் மட்டும், "வர்றவர் முன்னாடி ஒட்டடையோடவாம்மா நிக்கிறது?" என்று மெல்ல இழுத்தார். சரி, ஒட்டடை மட்டும் என்றேன். ஒட்டடை போனதும் சுவர் அசிங்கமாகத் தெரிந்தது, ஒரு கை வெள்ளையடித்தார்கள், வெள்ளையடித்ததும் விரிசல் பளிச்சென்று தெரிந்தது, கொத்தனாராக இருக்கும் ஓர் அப்பா, "சும்மா கண்ணுக்கு ஒரு பூச்சுதான்" என்று ஏணியில் ஏறிவிட்டார். தடுக்கப் போன நான் என்ன செய்தேன் தெரியுமா? ஈரம் ஊறிய சுவரில் மனித உடல் படத்தை மாட்டினேன். நுரையீரல் இருக்கும் இடத்தில்தான் ஒழுகும்.

இன்ஜினியர் வந்து பென்சிலால் சுவரைத் தட்டிப் பார்த்தார். "கூரை ஒழுகுமா?" என்றார். தலைமையாசிரியர் பழக்க தோஷத்தில், "ஒரு குறையும் இல்லைங்க சார்" என்றார். நான் துணிந்து, "கொஞ்சம்..." என்று ஆரம்பித்தேன். இன்ஜினியர் திரும்பிப் பார்த்தார். "கொஞ்சம் காபி சாப்பிடுறீங்களா சார்?" என்று முடித்தேன்.

எண்பத்தேழு. அடுத்த ஆய்வு ஐந்து வருஷம் கழித்து. அதற்குள் என் பிள்ளை வளர்ந்து கூரையைத் தொடுவாள், இல்லையென்றால் கூரை இறங்கி வந்து அவளைத் தொடும். நேற்று மழை. தலைமுடியெல்லாம் சுண்ணாம்புத் தூளோடு வந்து, "மிஸ் குடை பிடிச்சுக்கிட்டே பாடம் நடத்தினாங்கம்மா" என்றாள், சந்தோஷமாக. இவர் கேட்டார், "ஏன் சொல்லலை?" "வீடு தேடி வந்த மாதிரி வந்தவர்கிட்ட எப்படிங்க குறை சொல்றது?" "அவர் வந்ததே குறை கேக்கத்தானே."

அக்கா, உன் மகனும் இரண்டாம் வகுப்புதானே, அவன் படிக்கும் பள்ளியில் சின்னவளுக்கும் ஓர் இடம் கேட்டுப் பார். ஆறு ஸ்டாப்தானே, தினமும் நானே கொண்டுவந்து விடுகிறேன். அவள் தலைக்கு மேலே ஒரு நல்ல கூரை இருந்தால் போதும், வேறு எதுவும் கேட்கமாட்டேன். அத்தானுக்கு என் வணக்கம், உன் மகனுக்கு முத்தம்.

உன் தங்கை

பின்குறிப்பு: இடம் கேட்டுப் போகாதே. கவரை ஒட்டும்போதுதான் இவர் எல்லாப் பள்ளிகளின் மதிப்பெண் பட்டியலையும் காட்டினார். உங்கள் பள்ளியில் யாரும் எதையும் துடைக்கவில்லை போலிருக்கிறது, இருபத்தெட்டு. திங்கட்கிழமை பூட்டிவிட்டு வேலை தொடங்குகிறார்களாம். புதுக் கூரை வரும்வரை உங்கள் இரண்டாம் வகுப்பை, பாதுகாப்பான கட்டடம் என்று, எங்கள் பள்ளிக்கு அனுப்புகிறார்கள். உன் மகனிடம் ஒரு குடை கொடுத்துவிடு.