ஓர் எண் பிசகியதில் நான் போன கருமாதி

எம்.காம். படித்தவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. எண்கள் விஷயத்தில் தங்களுக்குத் தப்பே வராது என்று நம்புவார்கள். எனக்கு அது முற்றிய நிலையில் இருந்தது. (இப்போது குணமாகிவிட்டது. சிகிச்சைச் செலவுதான் கொஞ்சம் அதிகம்.)

கோத்தகிரியில் எங்கள் வீட்டு முன்னறையில் இருந்தபடி தேயிலைத்தூளும் தைலமும் இணையத்தில் விற்கிறேன். ஆரம்பத்தில் விற்ற பணமெல்லாம் என் கணவர் செந்திலின் கணக்குக்குத்தான் போனது. அவருக்கு ஹார்டுவேர் கடை. என் தேயிலைப் பணம் அங்கே பெயின்ட் டப்பாவாகவும் பிவிசி குழாயாகவும் மாறிக்கொண்டிருந்தது. கேட்டால், "எல்லாம் ஒரே ஊட்டுக் காசுதானே வித்யா" என்பார். ஒரு நாள் சண்டை பெரிதாகி, நானே வங்கிக்குப் போய் என் பெயரில் கணக்குத் தொடங்கிவிட்டு வந்தேன்.

இனி இணையக் கடையில் புதிய வங்கி விவரத்தை மாற்ற வேண்டும், அவ்வளவுதான்.

"இரு, நானும் ஒருக்கா பாத்துர்றேன்," என்றார் செந்தில்.

"பிளஸ் டூவோட நின்னவங்க எனக்குக் கணக்கு சொல்லித் தர வேண்டாமுங்க," என்றேன். (இந்த வாக்கியம் பிற்பாடு பலமுறை, ஏற்ற இறக்கத்தோடு, எனக்கே சொல்லிக் காட்டப்பட்டது.)

பாஸ்புக்கில் அச்சு மங்கலாக இருந்தது. ஓர் எண் மூன்றா, எட்டா என்று தெரியவில்லை. எட்டு என்று தீர்ப்பளித்தேன். கணக்கு எண்ணை உறுதிசெய்ய இரண்டாம் முறையும் அடிக்கச் சொன்னது திரை. என்னையா சந்தேகப்படுகிறாய் என்று, மேலே அடித்ததையே நகலெடுத்துக் கீழே ஒட்டினேன். இரண்டும் அற்புதமாகப் பொருந்தின. பச்சை நிறத்தில் டிக் விழுந்தது.

தீபாவளி விற்பனைப் பணம் வெற்றிகரமாக அனுப்பப்பட்டது என்று செய்தி வந்ததும், பேக்கிங் செய்யும் பெண்கள் மூவரிடமும் "நாளைக்குச் சம்பளம், போனஸ் ரெண்டும்" என்று அறிவித்தேன். மறுநாள் என் கணக்கில், தொடங்கும்போது நான் போட்ட பணம் மட்டும் தனியாக உட்கார்ந்திருந்தது. இணையத்தில் கடை நடத்த இடம் தரும் நிறுவனத்துக்கு எழுதினேன். இரண்டு வாரம் கழித்து, நான் கொடுத்த எண்ணுக்கே பணம் போய்ச் சேர்ந்துவிட்டதாகவும், அவர்கள் சேவைக்கு எத்தனை நட்சத்திரம் தருவேன் என்றும் பதில் வந்தது.

வங்கிக்கு ஓடினேன்.

"நம்ம பிராஞ்சுலயே ராமையான்னு ஒருத்தர் கணக்குக்குப் போயிருக்குங்க மேடம்," என்றார் மேலாளர். "நாங்களா எடுத்துத் தர முடியாதுங்க. அவரு இந்தச் சம்மதக் கடிதத்துல கையெழுத்துப் போட்டா சரியாப் போச்சு."

அங்கேயே அவருடைய எண்ணுக்குப் போன் செய்தார். அவருடைய மகள் எடுத்தாள். பின்னால் ஒரே இரைச்சல். "உங்க அப்பா கணக்குல வந்த பணம் விஷயமா ஒரு மேடம் வரணுங்கறாங்க," என்றார். "இன்னிக்கே வரச் சொல்லுங்க சார். எல்லாரும் இங்கதான் இருக்கோம்," என்று அந்தப் பெண் விலாசம் சொன்னாள். எவ்வளவு நல்ல குடும்பம் என்று மேலாளரும் நானும் வியந்தோம்.

பஸ் என்னை எஸ்டேட் முக்கில் இறக்கிவிட்டது. கையெழுத்துப் போடப்போகிறவருக்கு மரியாதையாக ஒரு பாக்கெட் தேயிலை கொண்டுபோயிருந்தேன். (காலமெல்லாம் தேயிலைக் காட்டில் உழைத்தவருக்கு!) தோட்டத் தொழிலாளர்களின் லயத்து வீடுகளை நெருங்கியதும் தார்ப்பாய்ப் பந்தல் தெரிந்தது. பிளாஸ்டிக் நாற்காலிகள். ஒரு மேசையில், மாலை போட்ட படத்தில், நரைத்த மீசையோடு ஒருவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். படத்தின் கீழே பெயர் எழுதியிருந்தது: ராமையா.

திரும்பி ஓடியிருக்கலாம். அதற்குள் போனில் பேசிய பெண் வந்து கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் பெயர் சாந்தி. "வாங்க மேடம். அம்மா, பணம் போட்ட ஆபீஸ் மேடம் வந்திருக்காங்க!"

அந்தம்மா என் எதிரில் வந்து கும்பிட்டார். "உசுரோட இருந்தப்ப ஆசுபத்திரி செலவுக்கு முன்பணம் கேட்டு உங்க எஸ்டேட் ஆபீசுக்கு நடையா நடந்தாரும்மா. குடுக்கல. கண்ண மூடுன மறுநா, கேக்காமலே போட்டுட்டீங்க. கோயமுத்தூர் ஆசுபத்திரிக் கடன அதுலதான் அடைச்சோம்."

அப்போது உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். வாய் திறந்தது. "பரவாயில்லைங்க" என்று வந்தது.

இலையில் உட்காரவைத்து வடை, பாயசத்தோடு பரிமாறினார்கள். என் தீபாவளிப் போனஸைத்தான் சாப்பிடுகிறேன் என்று தொண்டையில் இறங்கும்போது தெரிந்தது. சாப்பிட்டு எழுந்ததும் ஒரு பெரியவர், "மேடம் நாலு வார்த்தை பேசணும்," என்றார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"பெரியவர் ராமையா... ரொம்ப ஒழுங்கானவர்," என்றேன். (அவரைப் பற்றி எனக்குத் தெரிந்தது கணக்கு எண் மட்டும்.) "யாருக்கும் கெடுதல் நினைக்காதவர். மழை, பனி பார்க்காமல் உழைத்தவர்." பந்தலில் யாரோ விசும்பினார்கள். அங்கே நிறுத்தியிருக்கலாம். அழுகைச் சத்தம் பேச்சாளருக்குக் கைத்தட்டல் மாதிரி. "எங்கள் ஆபீஸில் அவரைப் பற்றிப் பேசாத நாளே கிடையாது," என்று முழங்கினேன்.

"எந்த ஆபீஸ்ங்க?" என்று பின்வரிசையில் ஒரு குரல் கேட்டது. எஸ்டேட்டின் உண்மையான கிளார்க், கையில் மாலையோடு நின்றிருந்தார்.

எண் பிசகிய கதையைத் திக்கித் திணறிச் சொல்லி, அத்தாட்சிக்குக் கடிதத்தையும் எடுத்து நீட்டினேன். சாந்தி அதை வாங்கி வாசித்தாள். "கணக்குதாரர் கையொப்பம்னு போட்டிருக்கு," என்றாள். பிறகு படத்தைப் பார்த்தாள். பிறகு என்னை. "எங்கப்பா யாருன்னே தெரியாமலா இவ்வளவும் பேசுனீங்க?"

நான் தலை குனிந்து அழுதுகொண்டிருந்தேன்.

அந்தம்மாதான் பேசினார். "விடுடி. தெரிஞ்சவங்க ஒருத்தரும் எந்திரிச்சு நாலு வார்த்தை சொல்லல. இவங்களாச்சும் சொன்னாங்க." என்னிடம் திரும்பி, "செலவாயிடுச்சும்மா. அவரு பிஎஃப் வந்ததும் குடுத்துர்றோம். கண்ணத் தொடைச்சுக்கங்க," என்றார். புருஷனைப் பறிகொடுத்தவர் எனக்கு ஆறுதல் சொன்னார். அதற்கு மேல் அவமானப்பட மனித உடம்பில் இடமில்லை.

அந்த வாரமே என் வளையல்கள் அடகுக்குப் போய், பேக்கிங் பெண்களுக்குச் சம்பளமும் போனஸும் ஆயின. சரியான எண்ணை செந்தில்தான் வங்கியில் பெரிதாக எழுதி வாங்கிவந்து, ஒரு வார்த்தை பேசாமல் மாற்றினார். (பேசியிருந்தால் தாங்கியிருப்பேன்.) மழைக்காலம் முடிவதற்குள் சாந்தியின் வீட்டிலிருந்து பணம் முழுவதும் வந்துசேர்ந்தது. ஆசுபத்திரிக் கடன் போக மிச்சம் மட்டும் போதும் என்று எவ்வளவோ சொன்னேன். அந்தம்மா கேட்கவில்லை.

இப்போதும் சொந்தத்தில் எங்கே துக்கம் என்றாலும், கிளம்பும்போதே செந்தில் என்னிடம், "அங்க போயி மைக்கைப் புடிச்சுராத," என்பார். என் மாமியாருக்கு மட்டும் அதில் வேறு கவலை. வீட்டுக்கு யார் வந்தாலும் காபி கொடுத்துவிட்டு ஆரம்பித்துவிடுவார்: "முன்னப்பின்ன தெரியாத மனுசனையே அத்தனை நல்லவருன்னு பேசி எல்லாரையும் அழ வெச்சுப் போட்டாளுங்க இவ. என்னையத்தான் நல்லாத் தெரியுமே. நாளைக்கு நான் போனா என்ன பேசப்போறாளோ!"