வந்த வழியைக் காணோம்

தாராவி தோல்பைப் பட்டறையை விட்டு வெளியேறி, கிங்ஸ் சர்க்கிள் வந்து சேர்வதற்குள் என் கோபம் முழுவதும் தீர்ந்துவிட்டது. பசி மட்டும்தான் மிச்சம். வேலையை விட்டுவிட்டு நடப்பதில் எனக்கு அந்த வயதிலேயே நல்ல தேர்ச்சி உண்டு. பள்ளிக்கூடத்தையும் அப்படித்தான் விட்டேன், எட்டாம் வகுப்பில், கணக்கு வாத்தியார் கரும்பலகைப் பக்கம் திரும்பிய நேரமாகப் பார்த்து. பட்டறை முதலாளி என்னைத் துரத்தவில்லை. ஒரு பைக்குக் கைப்பிடியைத் தலைகீழாகத் தைத்துவிட்டேன். அதைக் கையில் எடுத்துப் பார்த்தவர் பெருமூச்சு விட்டார். திட்டியிருந்தால் இருந்திருப்பேன். பெருமூச்சைத் தாங்க முடியவில்லை.

எண்பதுகளின் தொடக்கம் அது. பம்பாய்க்கு வந்து மூன்று வருடம் ஆகியிருந்தது. எனக்குத் தெரிந்த பம்பாய் எது என்று கேட்டால், பட்டறை, அதன் மேலே நாங்கள் முறைபோட்டுத் தூங்கிய பரண், தண்ணீர்க் குழாய் வரிசை, கக்கூஸ் வரிசை. (வரிசைகள் இரண்டும் நீளமானவை. அந்த வகையில் நான் நிறையச் சுற்றியிருக்கிறேன்.)

கிங்ஸ் சர்க்கிள் பஸ் நிறுத்தத்தில் ஒரு பெரியவரும் ஓர் இளம்பெண்ணும் வாக்குவாதம் செய்துகொண்டிருந்தார்கள். பேச்சு அப்படியே எங்கள் ஊர்ப்பேச்சு. திருநெல்வேலிச் சீமையின் கடற்கரையில், பாங்குச் சத்தமும் அலைச் சத்தமும் சேர்ந்து கேட்கும் ஊர்.

"பஸ்ஸு நம்பரு இந்தியில எழுதியிருக்கு மாமா, எப்படி ஏற?"

"ஏறிட்டுக் கேட்போம் புள்ள."

"ஏறினப்புறம் கேட்டா எறக்கித்தான் விடுவான்."

நான் பக்கத்தில் போய் சலாம் சொன்னேன். அவ்வளவுதான், பெரியவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். பெயர் மீரான், ஊரில் சாமான்கடை. அந்தப் பெண் பாத்து, அவருடைய மருமகள். மகன் காசிம், கல்யாணம் முடிந்த நாற்பதாம் நாள் துபாய்க்கு விமானம் ஏறியவர், அன்று மாலை மக்ரிப் தொழுகை நேரத்துக்குத் திரும்பி வந்து இறங்குகிறார். அழைத்துப்போக வந்திருக்கிறார்கள். தங்கியிருப்பது லேபர் கேம்ப் என்ற குடியிருப்பில், தூரத்துச் சொந்தக்காரர் வீட்டில். ஊர் சுற்றிக் காட்டுவதாகச் சொன்ன அந்தச் சொந்தக்காரருக்கு மில்லில் திடீர் ஷிப்டு.

"தம்பிக்கு பம்பாய் தெரியுமா?" என்றார் மீரான் மாமா.

எதிரே ஹோட்டலில் யாரோ சாம்பாரில் இட்லியை முக்கிக்கொண்டிருந்தார். நான் அதைப் பார்த்தபடியே சொன்னேன்.

"பம்பாய்ல எனக்குத் தெரியாத எடம் எது மாமா."

மாமா காசில் இரண்டு தட்டு இட்லி, ஒரு நெய் தோசை. மூன்றாவது காபியின்போது பாத்து வாயைத் திறந்தாள். (காக்கா என்றால் எங்கள் ஊரில் அண்ணன், லாத்தா என்றால் அக்கா.)

"காக்கா, மொதல்ல ஹாஜி அலி தர்காவுக்குப் போகணும். அவுக நல்லபடியா திரும்புனா போர்வை போத்துறதா நேந்திருக்கேன். அவுக முகத்தப் பாக்குறதுக்கு முந்தி முடிச்சிரணும்."

மடியில் பச்சைப் பட்டுப்போர்வை காகிதத்தில் சுற்றி இருந்தது. ஊரிலிருந்து இரண்டு ரயில் மாறி, ஓரிடத்திலும் கீழே வைக்காமல் கொண்டுவந்திருக்கிறாள்.

தர்காவுக்கு வழி எனக்குத் தெரியாது. கிங்ஸ் சர்க்கிள் ஸ்டேஷனில் ஏறினால் வண்டி கடைசி ஸ்டேஷனான வி.டி.யில் போய் நிற்கும் என்பது மட்டும் தெரியும். அதனால், "தர்கா கடைசியிலதான் வரும் லாத்தா, வழி அப்படி" என்று சொல்லி வி.டி. வண்டியில் ஏற்றிவிட்டேன். வழி அப்படி இல்லை என்பது இன்று எனக்குத் தெரியும்.

வி.டி.யில் இறங்கியதும் வெள்ளைக்காரர்கள் நடந்துபோன திசையில் நடந்தேன். கடலோரத்தில் பெரிய கல்வளைவு, கேட்வே வந்தது. (இன்றும் தெரியாத ஊரில் நான் கடைப்பிடிக்கும் முறை இதுதான். நூற்றுக்குத் தொண்ணூறு தடவை பலிக்கும்.)

மீரான் மாமா அண்ணாந்து பார்த்தார். "யாரு கட்டுனது தம்பி?"

"ஒரு பாதுஷா."

"ஆக்ராவுல பொஞ்சாதிக்குக் கட்டுனாரே, அவரா?"

"அவரேதான்."

"அப்ப இது யாருக்கு?"

யோசிக்க நேரமில்லை. "இது மச்சினனுக்கு மாமா."

மாமா நீண்ட நேரம் அந்த வளைவைப் பார்த்துக்கொண்டு நின்றார். "மச்சினன் மேல இவ்வளவு பிரியம் வச்சவன கேள்விப்பட்டதே இல்ல" என்றார். எதிரே இருந்த பெரிய ஹோட்டலை கவர்னர் வீடு என்று சொன்னேன். அதையும் நம்பி, வாசலில் நின்ற காவலாளிக்கு சலாம் வைத்தார். அவரும் பதிலுக்கு வைத்தார்.

அங்கிருந்து மெரைன் டிரைவ். அரைவட்டமாகக் கடல், அதன் விளிம்பில் வரிசையாகக் கட்டடங்கள். மூன்று வருடம் பரணில் படுத்துக்கொண்டு, இந்த ஊருக்குக் கடல் இருக்கிறது என்பதையே மறந்திருந்தேன். நான் வழிகாட்டி என்பதால் வாயைப் பிளக்க முடியவில்லை. தினம் பார்ப்பவனைப்போல் சுவரில் உட்கார்ந்து காலை ஆட்டினேன். மாமா சுண்டல் வாங்கினார். பாத்து மட்டும் சுவரில் உட்காராமல் நின்றாள்.

"இன்னும் எம்புட்டுத் தூரம் காக்கா?"

"இந்தா, பக்கம்தான்."

"அவுக முகம் போட்டோவுல இருக்கு. கொரலு கேசட்டுல இருக்கு, பேசி அனுப்புவாக. ரெண்டையும் ஒண்ணாப் பாத்து மூணு வருசமாச்சு. இன்னைக்கு நேரம் தப்பிரக் கூடாது."

அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. மாமா தொங்கும் தோட்டம் பார்க்க ஆசைப்பட்டார், அங்கும் போனோம். தோட்டம் எங்கும் தொங்கவில்லை. "சாயங்காலத்துக்கு மேலதான் தொங்கும்" என்றேன்.

பிற்பகல் அஸர் தொழுகை முடிந்த நேரத்தில், நம்பர் பார்க்காமல் ஏறிய மூன்றாவது பஸ்ஸிலிருந்து தர்காவுக்கு எதிரே இறங்கினோம். கடலுக்கு நடுவில் வெள்ளையாகத் தர்கா. கரையிலிருந்து அதுவரைக்கும் ஒரு கல்பாதை, இரண்டு பக்கமும் தண்ணீர். பாதையில் வந்துகொண்டிருந்த கூட்டம் முழுவதும் கரையை நோக்கித்தான் வந்தது. செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு வேகமாக வந்தார்கள். பாதை முனையில் டீக்கடை வைத்திருந்த ஒரு நடுவயதுப் பெண், இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டு எங்களைப் பார்த்து இந்தியில் கத்தினாள்.

"தண்ணி ஏறுது. போகாதீங்க. நாளைக்கு வாங்க."

மாமா நின்றார். "எல்லாரும் திரும்பி வாராகளே தம்பி."

இந்த இடத்தில்தான் நான் சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றும் என்னை நானே அறையத் தோன்றுகிறது.

"மாமா, நாம யாரு? கடக்கரைல பொறந்தவங்க. இவங்க கடலைப் பாக்க டிக்கெட் எடுத்து வார ஆளுங்க. கடல் எம்புட்டு ஏறும்?"

"ஒரு முழம் ஏறும்" என்றார் மாமா, சற்று யோசித்து.

"முழமா? சாண்" என்றாள் பாத்து.

எங்கள் மூவருக்கும் அதில் கருத்து வேற்றுமையே இல்லை. எங்கள் ஊர்க் கடல் அப்படி. காலையில் கரையில் ஈரம் எங்கே நின்றதோ, சாயங்காலமும் ஏறக்குறைய அங்கேயே நிற்கும். எல்லாக் கடலும் அப்படித்தான் இருக்கும் என்று எங்கள் ஊரில் எவரைக் கேட்டாலும் சொல்வார்கள். பம்பாய்க் கடல் நாளுக்கு இரண்டு தடவை இரண்டாள் உயரத்துக்கு ஏறி இறங்கும் என்பதை, கடலே பார்க்காத ஊர்க்காரனாக இருந்தால் ஒருவேளை கேட்டுத் தெரிந்துகொண்டிருப்பான். நாங்கள் விவரம் தெரிந்தவர்கள். போனோம்.

பாத்து போர்வையைக் கொடுத்துவிட்டு, பெண்கள் பக்கம் உட்கார்ந்து நெடுநேரம் துஆ கேட்டாள். வெளியே வந்து பார்த்தால் வந்த வழியைக் காணோம். பாதை இருந்த இடத்தில் கடல் இருந்தது. அலை, ஒரு பாதை எப்போதாவது அங்கே இருந்ததாகவே காட்டிக்கொள்ளாமல் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போய்க்கொண்டிருந்தது.

"தம்பி, வழி எங்க?" என்றார் மாமா.

"இங்கதான் மாமா இருந்துச்சு."

உள்ளே இருந்த ஒருவர், தண்ணீர் வடிய மக்ரிப் தாண்டிவிடும் என்றார். மக்ரிப் நேரத்துக்கு விமானம். பாத்துவின் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. ஏதாவது வீரம் காட்டியே ஆக வேண்டும் என்று கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு, "நான் ஆழம் பாத்துட்டு வாரேன்" என்று இறங்கினேன். இரண்டாவது படியிலேயே கடல் என்னைக் கீழே தள்ளியது. மாமா கையிலிருந்த குடையின் கொக்கியை என் சட்டைக் காலரில் மாட்டி, கிணற்றில் விழுந்த வாளியை எடுப்பதுபோல எடுத்தார். படிக்கு வந்ததும் காலர் கிழிந்து கொக்கியோடு போனது.

"ஆழம் எம்புட்டு?" என்று கேட்டார். நான் இருமிக்கொண்டிருந்தேன்.

படியில் உட்கார்ந்தோம். கரையில் பஸ்களும் மனிதர்களும் தெளிவாகத் தெரிந்தார்கள். கூப்பிடு தூரம்தான்.

"எங்களைக் காணோம்னு அவுக திரும்பிப் போயிருவாகளா மாமா?"

"விமானம் என்ன டவுன் பஸ்ஸா புள்ள, வேணாம்னா அதே வண்டியில திரும்ப?" என்றார் மாமா. ஆனால் குடையை விரித்து விரித்து மூடிக்கொண்டிருந்தார். ஒரு பெரிய விமானம் தலைக்கு மேல் தாழ்ந்து வடக்கே போனது. மூன்று பேரும் அண்ணாந்து பார்த்தோம்.

வெளிச்சம் மங்கும்போது பாதையின் முதுகு கறுப்பாகத் தெரிய ஆரம்பித்தது. இன்னும் முழங்கால் தண்ணீர் இருக்கும். "கொஞ்சம் பொறுப்போம்" என்றேன். பாத்து என்னைத் திரும்பிப் பார்த்தாள். "நீங்க பொறுங்க காக்கா" என்று சொல்லிவிட்டுச் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டாள். அவள் பின்னால் மாமா, மாமாவின் குடையைப் பிடித்துக்கொண்டு நான். பாதி வழியில் ஓர் அலை வந்து மூன்று பேரையும் தலைமுதல் கால்வரை நனைத்தது. பாத்து நிற்கவே இல்லை. அன்றைக்கு எங்கள் கூட்டத்தில் வழிகாட்டி என்று ஒருவர் உண்டென்றால் அவள்தான்.

டீக்கடைப் பெண் முனையிலேயே நின்றாள். "எங்கே போகணும்?" என்றாள். சொன்னேன். புருஷன் வருகிறான், மூன்று வருடம் கழித்து, என்று தெரிந்ததும் தெருவில் இறங்கி ஒரு டாக்ஸியை மறித்தாள். இந்த ஈரத்தோடு ஏற்ற மாட்டேன் என்றான் டிரைவர். அவள் மராட்டியில் நாலு வார்த்தை பேசினாள். என்ன பேசினாளோ, அவன் இறங்கி வந்து சீட்டில் நியூஸ் பேப்பர் விரித்துக் கதவைத் திறந்துவிட்டான்.

ஏர்போர்ட்டில் கூட்டம் கலைந்திருந்தது. ஒரு தூணோரம், பெட்டிமேல் உட்கார்ந்து, டேப் ரெக்கார்டர் அட்டைப்பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு ஒருவர் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். பாத்து நின்றுவிட்டாள். அவள் முந்தானையிலிருந்து தரையில் தண்ணீர் சொட்டியது. காசிம் எழுந்தார். மனைவியைப் பார்த்தார், வாப்பாவைப் பார்த்தார், காலரில்லாத சட்டையோடு நின்ற என்னைப் பார்த்தார்.

"நான் வானத்துல வந்தேன்" என்றார். "நீங்க கடல்ல வந்தீகளா?"

பாத்து சிரித்தாள். காலையிலிருந்து அவள் சிரித்து நான் பார்க்கவில்லை. சிரித்துக்கொண்டே அழுதாள். "நேர்ச்சைய முடிச்சிட்டுத்தான் வந்தேன்" என்றாள்.

அந்தக் குடும்பத்தில் இன்றும் யார் எங்கே தாமதமாகப் போனாலும், "கடல்ல வந்தியா?" என்றுதான் கேட்பார்கள். அவர்கள் மகள் கல்யாணத்துக்கு நான் போனபோது, மேடையிலிருந்த மாப்பிள்ளைக்கு என்னை அறிமுகப்படுத்திய விதமும் அதைச் சுற்றித்தான்.

அன்று இரவு லேபர் கேம்பில் அவர்களோடு சாப்பிட்டுவிட்டு வாசலில் படுத்தேன். விடிந்ததும் கால் தானாகப் பட்டறைப் பக்கம் திரும்பியது. பெருமூச்சு ஞாபகம் வந்தது. திரும்பி, தர்காவுக்குப் போகிற பஸ்ஸில் ஏறினேன். இந்த முறை நம்பரைக் கேட்டுத்தான்.

டீக்கடைப் பெண் என்னை அடையாளம் கண்டுகொண்டாள். வேலை இருக்கிறதா என்று நான் கேட்பதற்கு முன்னால், "அந்தப் பொண்ணு புருஷனைப் பாத்தாளா?" என்று கேட்டாள். சொன்னேன். அடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பிறகு கெட்டிலை என் கையில் கொடுத்துவிட்டு, தண்ணீர் வடியக் காத்து நின்ற ஆட்களைக் காட்டி, இவர்களுக்கும் நேற்றைய கதையைச் சொல்லு என்றாள். எனக்குத் தெரிந்த இந்தியில் சொன்னேன். யாரும் நகரவில்லை, இரண்டாவது டீ கேட்டார்கள். அடுத்து வந்தவர்களுக்கும் சொன்னேன். அன்று சாயங்காலம் கடை மூடும்போது, கதையில் தண்ணீர் என் கழுத்துவரை ஏறியிருந்தது.