பெரியப்பாவைத் தாண்டாத லாரி

தொப்பூர் மலை இறக்கத்தில் லாரி கவிழ்ந்து பார்த்திருப்பீர்கள். நின்ற இடத்திலேயே, கியர் போடுவதற்கு முன்பே, ஒரு லாரியைக் கவிழ்த்தவன் அநேகமாக நான் ஒருவன்தான். அதுவும் நிஜ லாரி இல்லை. நானே செய்து, செல்போனுக்குள் ஓடவிட்ட லாரி.

அப்போது ஓசூரில் ஒரு கம்பெனியில் வேலை. காரிமங்கலத்திலிருந்து தினமும் பஸ். ஞாயிற்றுக்கிழமைகளில் பொழுது போகாமல் சித்தப்பாவின் பழைய லேப்டாப்பில் ஒரு கேம் செய்தேன். தக்காளி ஏற்றிய லாரி தொப்பூரில் இறங்கும். பிரேக் பாதிதான் பிடிக்கும். தக்காளி சிந்தாமல் கீழே கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும், அவ்வளவுதான். படங்களை நண்பன் சாதிக் வரைந்தான். (தருமபுரியில் கல்யாணப் பத்திரிகை டிசைன் செய்கிறவன். அதனால் லாரியின் முகத்தில் கொஞ்சம் மணப்பெண் களை தெரியும்.)

கேம் விளையாடி நேரலையில் காட்டும் ஒருவர் அதை எங்கிருந்தோ பிடித்துப் போட்டு, வரிசையாகப் பதினேழு முறை கவிழ்ந்து, கண்ணில் தண்ணீர் வர சிரித்தார். அடுத்த வாரம் ஊர் பேர் தெரியாதவர்களெல்லாம் தக்காளி சிந்திக்கொண்டிருந்தார்கள். "தொட்டவுடனே லாரி கிளம்புது, அதான் பிடிச்சிருக்கு" என்று ஆளாளுக்கு விமர்சனம் எழுதினார்கள். அதை நான் தலையில் ஏற்றிக்கொள்ளவில்லை. தலையில் அப்போது வேறு கனம் ஏறியிருந்தது.

வேலையை விட்டேன். இரண்டாம் பாகம் எடுக்கப்போவதாக வீட்டில் அறிவித்தேன். அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார். தக்காளி மண்டி வைத்திருக்கும் அப்பா மட்டும் நிதானமாகப் பேசினார்.

"ரெண்டாவதும் ஓடுச்சின்னா நீ செஞ்சது சரி, நான் வாயே தொறக்க மாட்டன். ஓடலன்னா நீ வாயத் தொறக்காம எங்கூட மண்டிக்கு வந்துடணும்."

மண்டியில் நிற்க வேண்டுமென்றால் கூடை கூடையாக ஏலம் கூவ வேண்டும். நானோ பஸ்ஸில் என் நிறுத்தம் வந்தால்கூட கண்டக்டரைக் கூப்பிடக் கூச்சப்பட்டு அடுத்த நிறுத்தத்தில் இறங்கி நடந்து வருகிறவன். ஆகவே லாரி ஓடியே தீர வேண்டும்.

வினை, முதல் கேமின் வாலில் இருந்தது. அதில் கடைசியாக, "நன்றி: அப்பா, அம்மா, சித்தப்பா" என்று பொடி எழுத்தில் ஒரு வரி போட்டிருந்தேன். ஓய்வுபெற்ற தலைமையாசிரியரான பெரியப்பா எப்படியோ அதைப் பார்த்துவிட்டார். வீட்டுக்கு வந்தவர் கொடுத்த தண்ணீரைத் தொடவில்லை.

"லேப்டாப்பு குடுத்தவனுக்குப் பேரு. பள்ளிக்கோடத்துல சேத்து வுட்டவனுக்கு ஒன்னுமில்ல."

எங்கள் பக்கம் விசேஷப் பத்திரிகையில் ஒருவர் பெயர் விட்டுப்போனால் அந்த வருத்தம் பேரன் காலம் வரைக்கும் செல்லுபடியாகும். பயந்துபோய், அடுத்த கேமில் எல்லோர் பெயரையும் போட்டுவிடுவதாகச் சொன்னேன். அந்த "எல்லோர்" அன்று சாயங்காலத்துக்குள் பங்காளி வீடுகள் அனைத்துக்கும் போய்ச் சேர்ந்தது. பட்டியல் வந்து குவிந்தது. பெயருக்குப் பின்னால் படிப்பு, அதற்குப் பின்னால் உத்தியோகம், அடைப்புக்குறிக்குள் ஓய்வு. ஒரு சித்தி, வெளிநாட்டில் இருக்கும் மருமகள் பெயருக்குப் பக்கத்தில் நாட்டின் கொடியும் வேண்டும் என்றார். (வைத்தேன்.)

பட்டியலைக் கடைசியில் போடுவதாக இருந்தேன். பெரியப்பா ஒப்பவில்லை. "பந்தி முடிஞ்சப்புறம் பத்திரிகை குடுப்பியா?" என்றார். ஆரம்பத்துக்குக் கொண்டுவந்தேன். அவசரக்காரர்கள் தாண்டிப் போக மூலையில் சின்னதாக ஒரு பட்டன் வைத்தேன். அதை அவர் வெகுநேரம் பார்த்தார்.

"எம் பேரத் தள்ளிட்டுப் போறதுக்கு நீயே பட்டன் செஞ்சி குடுக்கற."

பட்டனை எடுத்துவிட்டேன். கண்ணாடி போடாமல் படிக்க முடியவில்லை என்றார். எழுத்தைப் பெரிதாக்கி, பெயர்கள் மேலே ஏறும் வேகத்தையும் குறைத்தேன்.

சாதிக் போன் செய்து, "மச்சான், இது கேமா, காதுகுத்தா?" என்று கேட்டான். கேட்டானே தவிர, தொழில் புத்தி அவனை விடவில்லை. தங்க பார்டர் கட்டி, மேலே இரண்டு கூப்பிய கைகளை வைத்து, பின்னணியில் நாதஸ்வரத்தையும் ஓடவிட்டு அனுப்பினான். மொத்தம் மூன்று நிமிடம் நாற்பது நொடி. அதற்குப் பின்னால்தான் மழை, பனிமூட்டம், குரங்குக் கூட்டம் என்று ஒரு வருடத்துக்கும் மேலாக நான் ராப்பகலாய் இழைத்த மலைப்பாதை. பெரியவர்களுக்கு மூன்று நிமிடம் மரியாதை கொடுக்க யார் மாட்டேன் என்பார்கள் என்று நினைத்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, பெரியப்பா குறித்துக் கொடுத்த நல்ல நேரத்தில் வெளியீடு. முதல் கேமைத் தூக்கிவிட்ட அதே நேரலைக்காரர் அன்றே விளையாடிக் காட்டுவதாக ஒப்புக்கொண்டிருந்தார். எங்கள் வீட்டு வாசலில் பந்தல், நாற்பது நாற்காலி, பெரிய டிவி.

டிவியில் நேரலைக்காரர் கேமைத் தொட்டார். நாதஸ்வரம் ஒலித்தது. பெரியப்பா பெயர் எழுந்தது. பந்தலில் கைதட்டல். ஒவ்வொரு பெயருக்கும் அந்தந்த நாற்காலியில் ஒரு நிமிர்வு. நேரலைக்காரர் முதல் பத்துப் பெயர்களை மரியாதையாகவே வாசித்தார். பிறகு திரையை ஒரு தட்டு தட்டினார். பிறகு குத்தினார். ஹேங் ஆகிவிட்டதோ என்றார். "ஹேங்கா? அது எங்க பங்காளி வரிசைப்பா" என்று பெரியப்பா டிவிக்கு விளக்கம் சொன்னார். நேரலைக்காரர் எழுந்து டீ போடப் போய்விட்டார். ஆயிரக்கணக்கானவர்கள் காலி நாற்காலியையும், சித்தி மருமகளின் கொடியையும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பெயர்களுக்கு அடியில் லாரி உறுமிக்கொண்டே நின்றது. அந்தப் பந்தலில் அதைப் பார்த்துக்கொண்டிருந்தவர் அப்பா மட்டும்தான்.

"எல்லாரும் வந்தாச்சி," என்றார் மெதுவாக. "லாரிய எடுப்பா."

டீயோடு திரும்பி வந்த நேரலைக்காரர், பெயர்கள் இன்னும் ஏறிக்கொண்டிருப்பதைப் பார்த்தார். "இது நமக்கு ஆவாதுங்க" என்று மூடிவிட்டு வேறு ஏதோ கேமைத் திறந்தார்.

என் வருடம் போச்சு என்று எனக்கு உறைக்கும் முன்பே கம்பைநல்லூர் மாமன், அம்மாவின் தம்பி, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். வரிசையின் வால் வரைக்கும் தன் செல்போனில் பார்த்துவிட்டு, அதை அணைத்தார்.

"அக்கா, நான் கெளம்பறன். பேரில்லாதவனுக்கு இங்க என்னா வேல?"

தாய்மாமன் பெயரை விட்டிருந்தேன். பட்டியல் தந்தது முழுக்க அப்பா பக்கத்தார். அம்மாவோ, தாய்மாமன் பெயரையும் சொல்லித்தான் போடுவானா என்று சும்மா இருந்துவிட்டார். இப்போது அம்மா என்னைப் பார்த்த பார்வையை எந்தக் கேமிலும் வரைய முடியாது.

புத்தியுள்ளவன் எவனும் அந்த நிமிடம் பட்டியலை வெட்டி எறிந்திருப்பான். நான் உள்ளே ஓடிப்போய் மாமன் பெயரைச் சேர்த்தேன். படத்தோடு. ஆப் ஸ்டோரில் புதிய பதிப்பை ஏற்றும்போது, இதில் என்ன புதிது என்று எழுதச் சொல்லும். நேர்மையாக எழுதினேன்: "தாய்மாமன் சேர்க்கப்பட்டுள்ளார்."

மாமன் சாப்பிட்டுவிட்டுத்தான் போனார். பட்டியல் பதினொரு நொடி நீண்டது. அந்த ஒற்றை வரியைப் படம் பிடித்து ஊரெல்லாம் அனுப்பிச் சிரித்தார்கள். லாரிதான் ஓடவில்லை. "பத்திரிகை கிடைத்தது. பந்தி எத்தனை மணிக்கு?" என்று ஒருவர் எழுதினார். இன்னொருவர் ஒரே ஒரு ஸ்டார் கொடுத்துவிட்டு, அதுவும் பெரியப்பாவுக்குத்தான் என்றார். வீட்டில் கெஞ்சிக் கூத்தாடி ஒரு வாரம் கழித்துப் பட்டனைத் திரும்ப வைத்தபோது, அதை அமுக்க ஆளில்லை.

அடுத்த திங்கட்கிழமை அப்பா வாசலில் வண்டியை நிறுத்தி ஒருமுறை ஹாரன் அடித்தார். போய் ஏறிக்கொண்டேன். இப்போது நான்கு வருடமாக மண்டியில்தான் கூவுகிறேன். (குரல் நன்றாகத் திறந்துவிட்டது. வீட்டில்தான் குறைக்கச் சொல்கிறார்கள்.) சாயங்காலங்களில் இன்னமும் கேம் செய்கிறேன். யாரிடமும் சொல்வதில்லை.

அப்பாவின் அந்த வார்த்தை மட்டும் குடும்பச் சொத்தாகிவிட்டது. யார் எதற்கு இழுத்தடித்தாலும் "லாரிய எடுப்பா" என்பார்கள்.

போன ஆவணியில் சித்தப்பா மகளுக்கு நிச்சயதார்த்தம். மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் ஒருவர் மைக்கைப் பிடித்துத் தங்கள் பக்கத்து உறவுகளை ஒவ்வொருவராக எழுப்பி அறிமுகம் செய்துகொண்டே போனார். மணி ஒன்றரை. எங்கள் பக்கத்துக்கு இன்னும் வரவே இல்லை. முன்வரிசையில் சர்க்கரைக்கு மாத்திரை போட்டுவிட்டு உட்கார்ந்திருந்த பெரியப்பா, பந்திக் கூடத்தையே பார்த்துக்கொண்டிருந்தவர், பொறுக்க முடியாமல் கையைத் தூக்கினார்.

"போதுங்க. லாரிய எடுக்கச் சொல்லுங்க."

மாப்பிள்ளை வீட்டார் பதறிப்போய், வாசலில் எந்த லாரி வழியை மறித்து நிற்கிறது என்று எட்டிப் பார்க்கப் போனார்கள். எங்கள் பக்கத்தில் யாரும் அவர்களுக்கு விளக்கவில்லை. அத்தனை பேரும் பந்திக்குக் கிளம்பியிருந்தார்கள்.