பெரும்புள்ளி

சிவப்புப் புள்ளி எழுத்தரின் வீட்டிலேயே நின்றுகொண்டிருந்தது.

அவர் போனைக் குலுக்கினார். சட்டை நுனியால் துடைத்தார். படத்தை இரண்டு விரலால் இழுத்துப் பெரிதாக்கினார். அவருடைய தெரு பெரிதாக வந்தது, அவருடைய வீடு பெரிதாக வந்தது, புள்ளி மட்டும் இருந்த இடத்தை விட்டு நகரவில்லை.

தலைநகரத்திலிருந்து ஆரம்பப் பள்ளிகளுக்கென்று கிளம்பும் பணம், வழியிலுள்ள அலுவலகங்களில் எல்லாம் இளைப்பாறி, பள்ளிக்கூட வாசலைத் தொடுவதற்குள் ஆவியாகிவிடும். எங்கே ஆவியாகிறது என்று கண்டுபிடிக்கத்தான் எழுத்தர் வேலை பார்க்கும் கண்காணிப்பு அலுவலகத்தைத் திறந்திருந்தார்கள். பணத்தின் பின்னால் ஓட முடியாது, அது வாங்கிய பொருளின் பின்னால் ஓடலாம் என்பது மேலதிகாரியின் மூளையில் உதித்த யோசனை. ஒரு பள்ளிக்கு நாற்பது பச்சைப் பெஞ்சுகள் போகின்றன. அவற்றில் ஒன்றில், இருக்குமிடத்தைக் காட்டிக்கொடுக்கும் சின்னக் கருவியை ஒட்டிவிடச் சொன்னார். நேற்று மாலை கருவிக்கு உயிர் வந்தது. கவனிக்கும் பொறுப்பு எழுத்தருக்கு.

"புள்ளி எங்க போய் நிக்குதோ, அங்கதான்யா திருடன் இருக்கான்" என்று மேலதிகாரி மேசையில் அடித்துச் சொல்லியிருந்தார்.

எழுத்தர் அடுப்படிக்குப் போனார்.

"வீட்டுக்குப் புதுசா ஏதாச்சும் வந்திருக்கா?"

"ஒண்ணும் வராத வீட்டுக்கு ஒண்ணு வந்தா போதும், உங்களுக்கு மூக்குல வேர்த்துடும்" என்றாள் மனைவி. "என் தம்பி நேத்து ஒரு பெஞ்சு வாங்கிட்டு வந்தான். பின்னாடி கிடக்கு, பாருங்க."

பின்பக்கம் பெஞ்சு கிடந்தது. பச்சைப் பெஞ்சு. அதன்மேல் மைத்துனன் காலை நீட்டிப் படுத்திருந்தான்.

"எழுந்திருடா! இது ஏது?"

"பழைய மரக்கடையில வாங்கினேன் மாமா. கொள்ளை மலிவு. பில்லு வேணுமான்னு கேட்டான். எதுக்கு வெட்டிச் செலவுன்னு வேணாம்னுட்டேன்."

எழுத்தர் குனிந்து பெஞ்சின் அடியில் தடவிப் பார்த்தார்; கருவி கையில் தட்டுப்படவில்லை, மரத்துக்குள்ளேயே புதைத்துவிட்டார்கள் போல. கல்விப் பணத்தைத் தின்றவனைப் பிடிக்க நாடே காத்திருக்கிறது. அந்தப் பணம் இவர் வீட்டுக் கொல்லையில் நாலு காலை ஊன்றி நிற்கிறது.

"தூக்கு. கடைக்காரன் தலையிலயே கட்டிடலாம்."

ஸ்கூட்டரின் பின்சீட்டில் மைத்துனன் உட்கார்ந்து, பெஞ்சைக் குறுக்கே மடியில் வைத்துக்கொண்டான். இரண்டு பக்கமும் அது றெக்கைபோல நீட்டிக்கொண்டிருந்தது. தெருமுனை திரும்புவதற்குள் ஒரு சைக்கிள்காரரும் ஒரு காய்கறிக்காரியும் அவர்களுடைய பரம்பரையையே திட்டித் தீர்த்தார்கள்.

மரக்கடைக்காரர் பெஞ்சைப் பார்க்கவில்லை. எழுத்தரின் முகத்தைத்தான் பார்த்தார்.

"காசு வேணாம், சும்மாவே திருப்பி எடுத்துக்கங்க" என்றார் எழுத்தர்.

"சும்மாவா?" கடைக்காரர் இரண்டடி பின்வாங்கினார். "காசு வேணாம்னு ஒருத்தர் பொருளைத் திருப்பிக் கொடுத்தா, அதுல ஏதோ வில்லங்கம் இருக்குன்னு அர்த்தம். நான் இந்தப் பெஞ்சைப் பார்த்ததே இல்ல. உங்களையும் பார்த்ததில்ல. கிளம்புங்க!"

அந்த நேரம் பார்த்து போன் அடித்தது. மேலதிகாரி.

"யோவ், புள்ளி நகருதுய்யா! பார்த்தியா?"

"பா... பார்த்துட்டுதான் இருக்கேன் சார்."

"திருடன் மோப்பம் பிடிச்சுட்டான். நான் ஜீப்ல கிளம்பிட்டேன். என் போன்ல தெருப் பேரெல்லாம் எறும்பு மாதிரி தெரியுது, நீதான் வழி சொல்லணும். ஆபீஸ்லதானே இருக்கே?"

"ஆமா சார்."

ஒரு லாரி காது கிழிய ஹாரன் அடித்துக்கொண்டு போனது.

"என்னய்யா சத்தம்?"

"ஜன்னல் திறந்திருக்கு சார்."

எழுத்தர் கொஞ்ச நேரம் யோசித்தார். பெஞ்சு போக வேண்டிய இடம் பள்ளிக்கூடம். அங்கே போய்ச் சேர்ந்துவிட்டால் புள்ளியும் சேர்ந்துவிடும். வழியில் அது எங்கே சுற்றினால் யாருக்கு என்ன?

பள்ளிக்கூடத்தில் சனிக்கிழமை அரைநாள் வகுப்பு நடந்துகொண்டிருந்தது. பிள்ளைகள் தரையில் குப்புறப் படுத்து எழுதிக்கொண்டிருந்தார்கள். பெஞ்சு வாசலில் நுழைந்ததும், யாரோ பெரிய மனிதர் வந்துவிட்டதாக எண்ணி அத்தனை பேரும் எழுந்து நின்றார்கள்.

தலைமையாசிரியை ஓடிவந்து குறுக்கே நின்றார்.

"உள்ள கொண்டு வராதீங்க!"

"உங்க பெஞ்சுதான் மேடம்."

"எங்களுக்கு நாப்பது பெஞ்சும் வந்து சேர்ந்தாச்சு. போன மாசமே கையெழுத்துப் போட்டுட்டேன்."

எழுத்தர் தரையில் இருந்த பிள்ளைகளைப் பார்த்தார்.

"ஒண்ணுகூட வரலையே மேடம்!"

"கையெழுத்துப் போட்டாதான் சாக்பீஸ் டப்பா தருவோம்னாங்க. போட்டேன். சாக்பீஸ் வந்துச்சு. இப்ப இதையும் வாங்கினா நாப்பத்தொண்ணு ஆயிடும். கூடுதல் பெஞ்சு எங்கேருந்து வந்துச்சுன்னு கண்காணிப்பு ஆபீஸ்ல கேப்பாங்க. அங்க ஒரு எழுத்தர் இருக்காராம், துருவித் துருவி உயிரை எடுப்பாராம்."

"கேள்விப்பட்டிருக்கேன்" என்றார் எழுத்தர் மெதுவாக.

ஒரு சின்னப் பெண் பெஞ்சின் ஓரத்தைத் தடவிப் பார்த்தாள். "டீச்சர், இதுல கொஞ்ச நேரம் உக்காரலாமா?"

"தொடாதேம்மா. அது கணக்குல இல்ல."

அந்தப் பெண் கையை எடுத்துக்கொண்டாள். எழுத்தருக்கு அந்த இடத்தில் நிற்கப் பிடிக்கவில்லை. இத்தனை வருடமாக எத்தனையோ பள்ளிகளுக்கு 'பெற்றுக்கொள்ளப்பட்டது' என்று அவர் கோப்பில் குறித்திருக்கிறார். அதற்கு அர்த்தம் என்னவென்று இப்போதுதான் கண்ணால் பார்த்தார்.

வெளியே வந்ததும் மைத்துனன் கேட்டான், "மாமா, எங்கயாவது போட்டுட்டு ஓடிடலாமா?"

பேருந்து நிறுத்தத்தில் ஆளில்லாத நேரமாகப் பார்த்துப் பெஞ்சை இறக்கிவைத்துவிட்டு ஸ்கூட்டரை உதைத்தார்கள். இருபதடிகூடப் போயிருக்க மாட்டார்கள். எங்கிருந்தோ ஒரு கூட்டம் முளைத்தது.

"சார்! பெஞ்சை மறந்துட்டுப் போறீங்க!"

நாலு பேர் பெஞ்சைத் தூக்கிக்கொண்டு மூச்சிரைக்க ஓடிவந்து, மைத்துனன் மடியில் பத்திரமாக வைத்தார்கள். ஒருவர் தூசிகூடத் தட்டிக் கொடுத்தார்.

"நல்லவேளை நாங்க பார்த்தோம். வேற யாராவதா இருந்தா அடிச்சுட்டுப் போயிருப்பான்."

"ரொம்ப நன்றிங்க" என்றார் எழுத்தர், அழாத குறையாக. பணம் புறப்பட்ட நாளிலிருந்து ஒரு நேர்மையான ஆள்கூடக் கண்ணில் படவில்லை. இன்றைக்கென்று பார்த்து நாலு பேர்.

போன் மறுபடி அடித்தது.

"எங்கய்யா அவன்? ஊரையே சுத்துறான்! பள்ளிக்கூடத்துக்கே போய்ட்டு வந்திருக்கான், நெஞ்சழுத்தத்தைப் பார்த்தியா? இவன் சின்ன ஆள் இல்லய்யா, பெரும்புள்ளி!"

"சார், எனக்கு வயிறு சரியில்ல, நான் லீவு..."

அதற்குள் ஜீப்பே வந்து ஸ்கூட்டருக்குக் குறுக்கே நின்றது. மேலதிகாரி குதித்து இறங்கினார். பச்சைப் பெஞ்சைப் பார்த்தார், எழுத்தரைப் பார்த்தார், பின்னால் இருந்த மைத்துனனைப் பார்த்தார். அவர் முகம் மலர்ந்தது.

"சபாஷ்யா! எனக்கு முந்தி நீயே பிடிச்சுட்டே! இவன்தானா அந்தப் பெரும்புள்ளி?" மைத்துனனின் சட்டைக் காலரைக் கொத்தாகப் பிடித்தார். "உனக்குப் பதவி உயர்வுக்கு இன்னிக்கே எழுதுறேன்!"

மைத்துனன் "மாமா..." என்றான்.

'ஆமாம் சார்' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அது எழுத்தரின் தொண்டைவரை வந்தும்விட்டது. மனைவிக்குப் பயந்தாரா, தரையில் படுத்து எழுதிய பிள்ளைகள் ஞாபகம் வந்ததா, அவருக்கே தெரியாது.

"விடுங்க சார். அது என் மச்சினன். பெஞ்சு என் வீட்டுக் கொல்லையிலதான் இருந்துச்சு. காலையிலேருந்து நீங்க துரத்தினது என்னைத்தான்."

மேலதிகாரி காலரை விட்டார்.

"சார், ஒரு விஷயம்..." என்று ஜீப்பின் பின்சீட்டிலிருந்து குரல் வந்தது. கருவியை ஒட்டப்போன அலுவலக எலக்ட்ரீஷியன்.

"நீ பேசாம இரு!" என்று சீறினார் மேலதிகாரி. "முதல்ல கருவியை எடுக்கணும். அதுதான் சாட்சி. உடைங்கடா பெஞ்சை!"

ஜீப் டிரைவர் இரும்புக்கம்பியால் அடித்தார். நல்ல மரம், லேசில் உடையவில்லை. பலகை தனியாக, கால்கள் தனியாக, கடைசியில் விறகாகத்தான் கிடந்தது. கருவி இல்லை. மேலதிகாரி மண்டிபோட்டுச் சிம்புகளைக் கிளறினார். போனைப் பார்த்தார்.

"புள்ளி இங்கயேதான்யா நிக்குது! பெஞ்சு இங்க இருக்கு, கருவி எங்க?"

எலக்ட்ரீஷியன் ஜீப்பிலிருந்து தயங்கித் தயங்கி இறங்கினார்.

"அதைத்தான் சார் காலையிலேருந்து சொல்ல வர்றேன். நேத்து குடோன்ல போய்ப் பார்த்தா ஒரு பெஞ்சுகூட இல்ல. 'உக்கார்ற இடத்துக்கு அடியில ஒட்டணும்'னு உத்தரவு வேற. அதான், இந்தத் திட்டத்துல உருப்படியா ஓடிட்டிருக்கிறது இவரோட ஸ்கூட்டர் ஒண்ணுதானேன்னு, அது சீட்டுக்கு அடியில ஒட்டிட்டேன்."