எல்லா ஊருக்கும் ஒரே மணி

"தலைநகர்ல அந்த மணிய அடிச்சா நம்ம ஊருக்குக் கேக்குமாப்பா?" என்று செவ்வந்தி ஒருநாள் கேட்டாள். ஆறு வயதுக்காரி. அப்பன் இருளப்பனின் தோளில் உட்கார்ந்து, ஊர்மணியை அரசாங்க வண்டியில் ஏற்றுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நீலாற்று நாட்டில் ஆற்றோரச் சாவடி ஒவ்வொன்றிலும் ஒரு வெண்கல மணி இருந்தது. மலையடியில் வெள்ளம் புரண்டால் மேல்சாவடி மணி அடிக்கும். அதைக் கேட்டு அடுத்த சாவடி அடிக்கும். இப்படியே கடைசியிலுள்ள கீழ்ச்சாவடிவரை சேதி தண்ணீரை முந்திக்கொண்டு வந்துவிடும். கீழ்ச்சாவடி மணிக்கு இருளப்பன்தான் காவல்.

ஒரு நாடு இத்தனை குரலில் பேசுவதா என்று அரசருக்கு மனம் புண்பட்டது. எல்லா மணிகளையும் உருக்கித் தலைநகரில் ஒரே பெருமணி வார்க்க ஆணை பிறந்தது. இனி எந்தச் சாவடியானாலும் சேதியைக் குதிரையில் தலைநகருக்கு அனுப்ப வேண்டும். அங்கே சரிபார்த்து, எல்லா ஊருக்கும் பொதுவாக அடிப்பார்கள்.

மகளின் கேள்வியை, சாவடிக் காவல்காரர்களைக் கூட்டிப் பேசிய பொதுச்செய்தி அமைச்சரிடம் இருளப்பன் கைகட்டிக் கேட்டான்.

"கேட்பது இரண்டாம் கட்டம். முதல் கட்டம் அடிப்பது" என்றார் அமைச்சர்.

"அதுக்குள்ள வெள்ளம் வந்துட்டா, சாமி?"

"வெள்ளத்தையும் சேர்த்துத்தான் திட்டம் போட்டிருக்கிறோம்."

மேல்சாவடிக் காவல்காரி பேச்சியம்மாள் பக்கத்தில் நின்றிருந்தாள். "அத ஆத்துக்கிட்ட யாருண்ணே போய்ச் சொல்றது?" என்று முணுமுணுத்தாள்.

பெருமணியை அடித்துப் பார்த்தார்கள். தலைநகருக்கு வெளியே ஒருவருக்கும் கேட்கவில்லை. ஊர்களில் ஓசை மிகுந்திருப்பதே அதற்குக் காரணம் என்று அறிஞர் குழு கண்டுபிடித்தது. ஆகவே ஆற்றங்கரையில் பறை கொட்டவும், தட்டு அடிக்கவும், உரக்கக் கூவவும் தடை வந்தது. கோயில் மணியின் நாக்கையும் கழற்றிக்கொண்டு போனார்கள். சாமிக்குச் சத்தமில்லாமல் தீபாராதனை நடந்தது.

ஐப்பசியில் மலை இடிந்ததுபோல் மழை கொட்டியது. பேச்சியம்மாள் முறைப்படி குதிரையை அனுப்பினாள். பிறகு ஒரு கணம் சாமியை நினைத்துக்கொண்டு, இடுப்பிலிருந்த பித்தளைக் குடத்தை எடுத்துக் கல்லால் அடித்தபடி ஓடினாள். ஆறு மலையைச் சுற்றி வரும். அவள் பாறைமேட்டு வழியே குறுக்கே ஓடினாள்.

அந்தச் சத்தம் கேட்டதும் இருளப்பன் மகளைத் தூக்கிக்கொண்டு மேடேறினான். பலர் வாசலிலேயே நின்றார்கள்.

"பெருமணி அடிக்கலியே, இருளா?"

"அண்ணே, தண்ணி வருதுண்ணே!"

"சட்டம்னு ஒன்னு இருக்குல்ல?"

இருளப்பனின் மனைவி மாரிக்கண்ணு தொலைவயலில் நாற்று நட்டுக்கொண்டிருந்தாள். குடத்தின் ஓசை அவ்வளவு தூரம் போகவில்லை.

மூன்றாம் நாள் பெருமணி கணீரென்று ஒலித்தது. தலைநகரில் எல்லோரும் கேட்டார்கள். விசாரணைக் குழு, கீழ்ச்சாவடியிலிருந்து ஒரு புகாரும் வராததால் திட்டம் வெற்றி என்று முடிவு செய்தது. ஒரே ஒரு குற்றந்தான் மிஞ்சியது.

"யார் ஒப்புதலோடு சத்தம் எழுப்பினாய்?"

"தண்ணியோட ஒப்புதல், ஐயா" என்றாள் பேச்சியம்மாள்.

வேலை போயிற்று. அவள் கண்ணெதிரிலேயே குடத்தை மிதித்து நசுக்கினார்கள். விசாரணை நடந்த அதே மேடையில், அடுத்த ஆண்டு முதல் எல்லா ஊருக்கும் ஒரே விளக்கு என்று அறிவிப்பும் வந்தது. கைதட்டல் அடங்க வெகுநேரமாயிற்று.

இருளப்பனின் வீடு இருந்த இடத்தில் சேற்றுக்குள்ளிருந்து ஒரே ஒரு பொருள் கிடைத்தது. மாரிக்கண்ணு கல்யாணச் சீராகக் கொண்டுவந்த பித்தளைக் குடம். செவ்வந்தி அதை மடியில் வைத்துக்கொண்டே தூங்கினாள்.

அடுத்த மழைக்காலத்துக்கு முன்னால், ஒரு நண்பகலில், மகளிடம் கேட்டு அதை வாங்கிக்கொண்டு இருளப்பன் மலையேறினான். பேச்சியம்மாள் விறகுக்குப் போயிருந்தாள். அவள் வீட்டு வாசலில் குடத்தை வைத்தான். பக்கத்தில் கைக்கு அடக்கமான ஒரு புளியங்கட்டையையும் வைத்தான். சுற்றிலும் யாருமில்லை. விரல்முட்டியால் ஒருமுறை மெல்லத் தட்டிப் பார்த்தான்.

நல்ல குரல்.

மலைமேல் மேகம் கட்டியிருந்தது. அவன் இறங்கி நடந்தான்.